அளக்கக் கூடாத குண்டு

நெடுஞ்சாலையில் பழுப்பு நிறப் பலகை இல்லாத ஊர், ஊர்தானா என்ற கேள்வி எங்கள் ஊராட்சி மன்றத்தில் பல ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வந்தது. காரில் போகிறவர்களுக்கு 'இந்தப் பக்கம் திரும்பினால் பார்ப்பதற்கு ஒன்று இருக்கிறது' என்று அரசாங்கம் தன் பொறுப்பில் சொல்வதுதான் பழுப்பு நிறப் பலகை. வடக்கே உள்ள ஊருக்குக் குகை இருக்கிறது. கிழக்கே உள்ள ஊருக்குக் கோட்டை இருந்தது. அது இடிந்த பிறகு பலகை கிடைத்தது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஊரில் ஒன்றுமே கிடையாது. ஆனால் ஏதோ ஒரு அரசர் பயணத்தின் நடுவில் வயிற்று வலி வந்து அங்கே ஒரு மரத்தடியில் ஒதுங்கினாராம். மரத்துக்கும் பலகை, வயிற்று வலிக்கும் பலகை. எங்கள் மொர்லுஸாக்கில் மட்டும் எதுவும் நடக்கவில்லை. எங்கள் ஊர் வழியாகப் போன அரசர்கள் எல்லோரும் நல்ல ஆரோக்கியத்தோடு போயிருக்கிறார்கள்.

மேயர் மதாம் பெரிஸே ஒவ்வொரு ஜனவரியிலும் மாவட்டத் தலைமையிடத்துக்கு விண்ணப்பம் அனுப்புவார். ஊராட்சி அலுவலகத்தின் ஒரே எழுத்தர் என்ற முறையில் அதைத் தட்டச்சு செய்வது நான். கடைசியில் ஒரு செப்டம்பர் மாதம் ஆய்வுக்கு ஆள் வந்தார். திருவாளர் துத்ரெய். கிராமப்புற ஈர்ப்புகள் மற்றும் திறந்தவெளிச் செயல்பாடுகள் பிரிவின் துணை ஆய்வாளர். இளைஞர். பனிமலை ஏறுவதற்கான காலணி, இரண்டு கைகளிலும் ஊன்றுகோல், மணிக்கட்டில் இதயத் துடிப்பை எண்ணும் கடிகாரம். எங்கள் ஊரில் ஏறுவதற்கு இருப்பது தேவாலயத்துக்குப் போகும் சரிவு மட்டும்தான். அதில் அவரை ஏற்றினோம். கடிகாரம் எந்த மாற்றத்தையும் காட்டவில்லை.

நானும் மேயரும் நாள் முழுவதும் அவரோடு நடந்தோம்.

"இது என்ன?" என்று ஆற்றங்கரையில் நின்று கேட்டார்.

"துணி துவைக்கிற இடம்," என்றார் மேயர். "அந்தக் காலத்துல ஊர்ப் பெண்கள் எல்லாரும்..."

"எந்தக் காலம்?"

"எழுபதுகள்ல கட்டினது. அதுக்கு முன்னாடி இருந்தது நல்லா இருந்துச்சு. அதை இடிச்சுட்டுத்தான் இதைக் கட்டினோம்."

துத்ரெய் கையிலிருந்த கருவியில் எதையோ அழித்தார்.

"இந்தப் பாதை எங்க போகுது?"

"சுத்திக்கிட்டு இங்கேயே வரும்."

"நடுவுல?"

"நடுவுல ஒரு மாடு நிக்கும்."

"என்ன இனம்?"

மேயர் என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன். "எமிலியானோட மாடுங்க," என்றேன். அதையும் அழித்தார்.

மாலையில் அவருடைய காரை நோக்கித் திரும்பினோம். கார் நின்றது சதுக்கத்தில். மொர்லுஸாக்கில் மட்டமான தரை என்று சொல்லத்தக்கது அந்தச் சதுக்கம் ஒன்றுதான். எனவே பிளாத்தான் மரங்களின் நிழலில் ஒரு சின்ன மர உருண்டைக்கு மிகக் கிட்டே இரும்புக் குண்டை எறிகிறவர் ஜெயிக்கும் பெத்தாங் விளையாட்டு நடப்பதும் அங்கேதான். அன்றைக்கும் நடந்துகொண்டிருந்தது. ஆனால் நாங்கள் போனபோது ஒருவரும் விளையாடவில்லை. ஊரில் பாதிப் பேர் மண்டியிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் இதுதான். கசாப்புக் கடைக்காரர் அஷில் எங்கள் ஊரின் பெத்தாங் மன்னர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற லெயோன்ஸ், அஷிலின் தங்கை ஒனொரினைக் கட்டியவர். முப்பது வருடமாக மைத்துனர்கள் இருவரும் ஆடி வருகிறார்கள். முப்பது வருடமாக லெயோன்ஸ் தோற்று வருகிறார். ஆட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். லெயோன்ஸ் வீட்டுக்குப் போனாலும் தப்ப முடியாது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அஷில் அவர் வீட்டுக்குத்தான் வருவார். தோல்வியை முதலிலிருந்து கடைசிவரை, கோழிக்கு முன்னாலும் சீஸுக்குப் பின்னாலுமாக, விவரித்துச் சொல்வார்.

அன்றைக்கு ஆட்டம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் நின்றது. பதின்மூன்று எடுப்பவர் வென்றவர். நாங்கள் பன்றிக்குட்டி என்று சொல்கிற சின்ன மர உருண்டைக்குப் பக்கத்தில் அஷிலின் இரும்புக் குண்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தது. லெயோன்ஸின் கையில் கடைசிக் குண்டு. அவர் எறிந்தார். குண்டு கிளைகளுக்குக் கீழே தாழப் பறந்து, விழுந்து, உருண்டு, ஒரு கல்லில் முட்டி, கொஞ்சம் யோசித்து, நின்றது. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அஷிலின் குண்டு கிட்டே. அந்தப் பக்கமிருந்து பார்த்தால் லெயோன்ஸின் குண்டு கிட்டே.

லெயோன்ஸ் கால்சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். அதை வருடக்கணக்காகச் சுமந்து வருகிறார். அவர் ஆட்டங்களில் அளந்து பார்க்கும் அவசியம் அதுவரை வந்ததில்லை. மண்டியிட்டார். நாடாவின் நுனியைப் பன்றிக்குட்டியை நோக்கி நீட்டினார்.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினார் துத்ரெய்.

லெயோன்ஸின் கை அப்படியே நின்றது.

"யாரு ஜெயிச்சது?" என்றார் துத்ரெய்.

"அதத்தான் அளக்கப் போறேன்."

"அப்ப, இந்த நிமிஷம் யாருக்கும் தெரியாது?"

"அடுத்த நிமிஷம் தெரிஞ்சுடும்."

"அந்த அடுத்த நிமிஷம் வேண்டாம்," என்றார் துத்ரெய். ஊன்றுகோல்களைக் கீழே போட்டுவிட்டு, குண்டுகளைச் சுற்றி நுனிக்காலில் நடந்தார். அவருடைய கடிகாரம் அன்று முதல் தடவையாகக் கீச்சிட்டது. "மதாம், பாரிஸ்ல இருக்கிறவங்களுக்கு எல்லாமே தெரியும். பஸ் எப்ப வரும், மழை எப்ப விடும், ராத்திரி எத்தனை தடவை புரண்டு படுத்தாங்க, எல்லாத்தையும் கையில இருக்கிற போன் சொல்லிடுது. அவங்க கிட்ட இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான். சந்தேகம். அதைத் தேடி மலைக்குப் போறாங்க, பாலைவனத்துக்குப் போறாங்க. உங்க ஊர்ல அது தரையிலயே கிடக்குது."

மேயருக்கு உடனே புரிந்துவிட்டது. லெயோன்ஸுக்குப் புரியவில்லை.

"நான் அளந்துக்கட்டுமா?" என்றார்.

"மச்சான், ஐயா பெரிய படிப்புப் படிச்சவரு," என்றார் அஷில். "உன் மானத்தைக் காப்பாத்தத்தான் சொல்றாரு. நாடாவை மடிச்சுப் பையில வை."

அன்று மாலையே ஆணை பிறந்தது. தட்டச்சு செய்தவன் என்ற முறையில் அதன் வாசகம் எனக்கு மனப்பாடம். மேற்படி சதுக்கத்தில் காணப்படும் மேற்படி இரும்புக் குண்டுகள் இரண்டும், மேற்படி மர உருண்டையும், மறு உத்தரவு வரும்வரை நிச்சயமற்ற நிலையிலேயே நன்முறையில் பராமரிக்கப்பட வேண்டியது.

முதலில் கயிறு வந்தது. பிறகு காவலர் வந்தார். பிறகு, கடைசியில், நெடுஞ்சாலையில் அந்தப் பழுப்பு நிறப் பலகை வந்தது. மூன்று வட்டங்கள் வரைந்து, கீழே 'மொர்லுஸாக்: சந்தேகம்' என்று எழுதியிருந்தது. மேயர் அதன் கீழே நின்று அழுதார். அடுத்த வசந்தத்தில் ஆட்களும் வந்தார்கள்.

எப்படி வந்தார்கள் என்று எங்களுக்கு இன்றும் விளங்கவில்லை. கயிற்றுக்கு வெளியே நிற்பார்கள். இந்தப் பக்கமிருந்து பார்ப்பார்கள், அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பார்கள். பிறகு பெருமூச்சு விட்டு, "எவ்வளவு லேசா இருக்கு" என்பார்கள். லியோன் நகரத்திலிருந்து வந்த ஒரு மூச்சுப் பயிற்சி ஆசிரியை இருபது பேரைப் பாயில் படுக்க வைத்து, மூச்சை இழுக்கும்போது 'அஷில்' என்றும் விடும்போது 'லெயோன்ஸ்' என்றும் நினைக்கச் சொன்னார். நாள் முழுக்க வெளியூர்க்காரர்கள் தன் பெயரால் மூச்சு விடுவதைப் பார்த்து லெயோன்ஸுக்கு ஒருவிதமாக இருந்தது. "ஏன் அவன் பேரால இழுக்கிறாங்க, என் பேரால விடறாங்க?" என்று என்னிடம் வந்து கேட்டார். அகர வரிசை என்று சொல்லி அனுப்பினேன்.

திறந்தவெளிச் செயல்பாடுகளும் தாமாகவே முளைத்தன. மாடு நிற்கும் பாதைக்குச் 'சந்தேக நடை' என்று பெயர் வைத்து மரங்களில் மஞ்சள் பூசினார்கள். வழி பிரியும் இடங்களில் மட்டும் கொள்கை அடிப்படையில் பூசவில்லை. தொலைந்து போனவர்கள் திரும்பி வந்து நன்றி சொன்னார்கள். எமிலியானின் மாட்டை எந்த இனம் என்று யாரும் கேட்கக் கூடாது என அறிவிப்பு வைத்தோம். அஷில் தன் கடையில் 'சந்தேகச் சாஸேஜ்' விற்க ஆரம்பித்தார். அதில் என்ன கறி இருக்கிறது என்று எழுதுவதில்லை. முன்பும் அவர் எழுதியதில்லை; இப்போது அதற்கு மதிப்பு வந்திருந்தது.

சதுக்கம் போய்விட்டதால் பெத்தாங் ஆட இடமில்லை. தேவாலயச் சரிவுக்குப் போனோம். எறிந்த குண்டு நிற்காது. உருண்டு, துவைக்கும் இடத்தைத் தாண்டி, ஆற்றில் விழும். படகு விட வந்திருந்த வெளியூர்க்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு தலைக்கவசம் போட்டுக்கொண்டு கீழே காத்திருந்து வலையால் பிடித்தார்கள். துத்ரெய் அதை வந்து பார்த்துவிட்டு, மொர்லுஸாக் மக்கள் தொன்றுதொட்டு ஆடி வரும் நிலநீர்க் கலப்பு விளையாட்டு என்று பதிவு செய்துகொண்டு போனார். அதன்பின் நாங்கள் சரிவில் ஆடுவதை நிறுத்த நினைத்தபோது, நிறுத்துவதற்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

ஈர்ப்புக்கு மதிப்பு வந்தால் பாதுகாப்பும் வர வேண்டும் அல்லவா? குண்டுகளைச் சுற்றி ஐந்நூறு மீட்டர் வட்டத்துக்குள் அளவைக் கருவி எதுவும் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. ஊரே ஐந்நூறு மீட்டர்தான். தச்சரின் முழக்கோல், தையற்காரியின் நாடா, லெயோன்ஸின் கால்சட்டைப் பை எல்லாம் பறிமுதலாயின. அந்த வருடம் தைத்த சட்டைகள் எல்லோருக்கும் ஏறக்குறைய சரியாக இருந்தன. தச்சர் செய்த கதவு ஒன்று இன்னும் ஒரு வீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது.

பிறகு, கண்ணால் அளப்பதைத் தடுக்க வேண்டும் என்றார் துத்ரெய். ஒரு கண்ணை மூடிப் பார்ப்பவன் தூரத்தை மதிப்பிடுகிறான் என்பது அறிவியல். எனவே சதுக்கத்தில் எல்லோரும் இரண்டு கண்களையும் திறந்தே வைத்திருக்க வேண்டும். பையன்கள் பெண்களைப் பார்த்துக் கண்ணடிப்பது நின்றது. தேவாலயத்தில் மணியடிக்கும் ஃபுல்பேருக்குப் பிறவியிலேயே ஒரு கண்தான். அவர் சதுக்கத்தைக் கடக்கும்போது வானத்தைப் பார்த்து நடக்க வேண்டுமென்று தனி ஆணை. இரண்டு முறை கயிற்றில் தடுக்கி விழுந்தார். விழும்போதும் வானத்தைப் பார்த்தபடியே விழுந்தார் என்று காவலர் தன் அறிக்கையில் பாராட்டியிருக்கிறார்.

இலையுதிர் காலத்தில் ஒரு பிளாத்தான் இலை பன்றிக்குட்டியின் மேல் வந்து உட்கார்ந்தது. அகற்றுவது யார் பொறுப்பு என்று கேட்டு எழுதினோம். மரங்கள் துறை, இலை தங்களுடையது, உருண்டை தங்களுடையதல்ல என்று பதில் எழுதியது. உருண்டைக்குரிய துறை இலையைப் பார்வையிட ஒருவரை அனுப்பியது. அவர் வந்தபோது இலை காற்றில் போயிருந்தது. இலையைக் காணவில்லை என்று எங்கள் மேல் விசாரணை வந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் லெயோன்ஸ் என்ற ஒரு மனிதர் தூக்கமில்லாமல் இருந்தார். ஆரம்பத்தில் தினமும் கயிற்றருகே நின்று வருகிறவர்களிடம், "வலது பக்கம் இருக்கிறது என்னுது. அதுதான் கிட்ட" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பார்வையாளரின் சந்தேகத்தைக் குலைக்கிறார் என்று புகார் வந்து, மேயர் அதைத் தடுத்தார். பிறகு மாதம் ஒரு முறை எங்கள் அலுவலகத்துக்கு மனுவோடு வந்தார். ஒரு தடவை துத்ரெய் அங்கே இருந்தார்.

"ஐயா, ஒரே ஒரு தடவை அளந்துக்கிறேன்," என்றார் லெயோன்ஸ். "எதையும் நகர்த்த மாட்டேன். யாரு கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

"ஒருத்தருக்குத் தெரிஞ்சுட்டா அது சந்தேகம் ஆகாது, முசியே லெயோன்ஸ். ரகசியம் ஆயிடும்."

"ஆகட்டுமே."

"ரகசியம் வேற துறை."

லெயோன்ஸ் மனுவை மடித்தார். "எனக்கு அறுபத்தெட்டு வயசாகுது. நான் ஜெயிச்ச ஆட்டம்னு ஒண்ணு இருந்தா அது இதுதான். இல்லேன்னா இல்லைன்னாவது தெரியணும்."

"உங்க வேதனையை நாங்க மதிக்கிறோம்," என்றார் துத்ரெய். "அடுத்த வருஷப் பலகையில உங்க படத்தைப் போடலாம்."

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் நின்றபாடில்லை. அஷில் புதிதாக ஒரு கேலியைப் பிடித்துக்கொண்டார். நானும் ஒரு தடவை அந்த மேசையில் இருந்தேன்.

"மச்சான், அந்த ரொட்டித் துண்டை எடு. ரெண்டு இருக்கு பாரு, எது உன் கைக்குக் கிட்டயோ அது."

"அண்ணே, சாப்பிடும்போது ஆரம்பிக்காத," என்றார் ஒனொரின்.

"நான் என்னம்மா சொன்னேன்? எதுன்னு அவருக்குச் சந்தேகம்னா அளந்து பாக்கட்டும். அடடா, அளக்கக் கூடாதுல்ல!"

லெயோன்ஸ் ரொட்டியை எடுக்கவில்லை. ஒனொரின் கணவர் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷம் தோத்த. ராத்திரி படுத்தா குறட்டை விட்டுத் தூங்கின. ஜெயிச்சிருக்கலாம்னு ஒரு பேச்சு வந்ததுலேர்ந்து வீட்டுல நானும் தூங்கல. எங்க அண்ணனுக்காவது பதில் ஏதாவது சொல்லேன்யா."

"தெரியாம என்னத்தச் சொல்றது?" என்றார் லெயோன்ஸ்.

இரண்டாவது கோடையில் ஒரு வியாழக்கிழமை லெயோன்ஸுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். தாடை வீங்கி, மோவாயிலிருந்து உச்சந்தலைவரை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார். ஒனொரின் கடுகு சேர்த்து முயல் சமைத்திருந்தார். மெல்ல முடியாத மனிதர் அந்த வாசனையில் உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து வெளியே வந்தார்.

அப்போது பகல் பன்னிரண்டரை. தன் ஊரை அந்த நேரத்தில் லெயோன்ஸ் பார்த்ததே இல்லை. எங்களில் யாரும் பார்த்ததில்லை. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை இந்த நாட்டில் எவரும் வெளியே இருப்பதில்லை. எனவே குற்றம் செய்ய ஆளில்லை. எனவே காவலும் இல்லை. காவலர் தன் வீட்டு மேசையில் இருந்தார். துத்ரெய் காப்பிக் கடையில் வாத்துக் கறிக்கு முன்னால் இருந்தார். தொலைந்து போக வந்தவர்கள்கூட அந்த நேரத்தில் சரியாக வழி கண்டுபிடித்து சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். இத்தனை நாளும், தினமும் இரண்டு மணி நேரம், அந்தக் குண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. லெயோன்ஸ் மனு எழுதினார், வக்கீலைப் பார்த்தார், பாதிரியாரைப் பார்த்தார். விதியில் ஓட்டை இருக்கிறதா என்று நாங்களும் அவருக்காகத் தேடினோம். சாப்பாட்டு நேரத்தை ஓட்டை என்று யாரும் நினைக்கவில்லை. அது சாப்பாட்டு நேரம்.

சதுக்கத்தைச் சுற்றி இருக்கும் எல்லா வீடுகளின் சாப்பாட்டு ஜன்னல்களும் சதுக்கத்தைப் பார்த்தவை. எனவே நாங்கள் எல்லோரும் பார்த்தோம். லெயோன்ஸ் கயிற்றுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். காவலரை எதிர்பார்ப்பவர் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு கயிற்றைத் தாண்டினார். மண்டியிட்டார். பை இருந்த இடத்தைத் தடவினார், நாடா இல்லை. தாடைக் கட்டை அவிழ்த்தார்.

துணியின் ஒரு நுனியைப் பன்றிக்குட்டியருகே வைத்து அஷிலின் குண்டுவரை நீட்டினார். குண்டு வந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். துணியை அப்படியே தன் குண்டின் பக்கம் திருப்பினார். பார்த்தார். மறுபடி முதலிலிருந்து அளந்தார். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தே இருந்தார்.

கடைசியில் எழுந்து, எங்கள் எல்லா ஜன்னல்களையும் நோக்கி, "அளந்துட்டேன்!" என்று கத்தினார்.

நன்றாகக் கேட்டது. அஷிலின் முள்கரண்டி பாதி வழியில் நின்றதை எதிர் வீட்டிலிருந்து நான் பார்த்தேன். மேயர் துடைக்கும் துணியை மடியிலிருந்து எடுத்தார், மறுபடி மடியில் போட்டுக்கொண்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் சீஸ் வரவில்லை.

இரண்டு மணிக்கு எல்லோரும் வாயைத் துடைத்துக்கொண்டு சதுக்கத்துக்கு வந்தோம். லெயோன்ஸ் வீங்கிய தாடையோடு, முடிச்சுப் போட்ட துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். துத்ரெய்க்கு முகம் வெளுத்திருந்தது.

"முசியே லெயோன்ஸ், ஒரு வார்த்தை பேசாதீங்க! மதாம், இவர் மேல என்ன குற்றம் போடலாம்?"

மேயர் என்னைப் பார்த்தார். நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். "தடை செய்யப்பட்ட கருவின்னு பட்டியல்ல நாடா இருக்கு, கோல் இருக்கு, கயிறு இருக்கு, மூடின கண் இருக்கு," என்றேன். "பல்லுக்குக் கட்டின துணி இல்லைங்க."

"கயிற்றைத் தாண்டினது?"

"கயிறு பார்வை நேரத்துக்குத்தான் செல்லும்னு எழுதியிருக்கு. பன்னண்டுலேர்ந்து ரெண்டு, பார்வை நேரம் இல்லை."

"அப்ப அந்த நேரத்துல அங்க என்ன இருந்துச்சு?"

"சட்டப்படி பார்த்தா ரெண்டு இரும்புக் குண்டும் ஒரு மரக் குண்டும்தான்."

"சுத்தி வளைக்காதீங்க," என்றார் லெயோன்ஸ். கூட்டத்தில் அஷில் எங்கே இருக்கிறார் என்று கண்ணால் தேடினார். "எல்லாரும் இருக்கீங்க. நான் சொல்றேன். மச்சான், முன்னாடி வா."

அப்போதுதான் துத்ரெய் தன் உத்தியோக வாழ்வின் மிக உயர்ந்த முடிவை எடுத்தார். காவலரின் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்கி லெயோன்ஸின் தலையில் வைத்தார். மேயரை ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வைத்தார்.

"முசியே லெயோன்ஸ், இந்த நொடியிலேர்ந்து நீங்க சந்தேகத்தின் தலைமைப் பாதுகாவலர். அரசு ஊழியர். பணி நிமித்தமா அறிஞ்ச எதையும் வெளியில சொல்றது அரசு ஊழியருக்குத் தடை."

"நான் அறிஞ்சப்ப ஊழியரா இல்லையே?"

"நியமனம் பகல் பன்னண்டு மணியிலேர்ந்து செல்லும்னு போட்டிருக்கோம்."

லெயோன்ஸ் கையைத் தூக்கினார். தொப்பியை எடுத்து எறியத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் முன்னாடி வரச் சொல்லியிருந்தார் அல்லவா, அந்த நேரம் பார்த்து அஷில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். மைத்துனரின் தலையில் வெள்ளிச் சின்னம் பதித்த தொப்பியைப் பார்த்ததும், ஏனென்று தெரியாமலே, தன் தொப்பியைக் கழற்றினார். தொப்பி வைத்தவரைக் கண்டால் எங்கள் ஊரில் கை தானாகச் செய்யும் காரியம் அது.

லெயோன்ஸ் அதைப் பார்த்தார். தூக்கிய கையால் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

அந்த வாரமே குண்டுகளுக்குப் பூட்டோடு ஒரு கண்ணாடிக் கூடு வந்தது. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சந்தேகம் மூடப்பட்டிருக்கும் என்று பலகை வைத்தோம். வெளியூர்க்காரர்கள் முன்பு குண்டுகளைப் பார்த்தார்கள். இப்போது லெயோன்ஸின் முகத்தைப் பார்க்க வந்தார்கள். உலகத்தில் விடை தெரிந்த ஒரே முகம். அவர் பிளாத்தான் மரத்தடியில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சிரிப்பதும் முகம் சுளிப்பதும் தகவலாகக் கருதப்படும் என்பதால் இரண்டும் செய்யவில்லை. தூக்கம் வந்துவிட்டது என்றும் குறட்டை முன்பைவிட அதிகம் என்றும் ஒனொரின் சொன்னார்.

தூக்கம் போனது இப்போது அஷிலுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேசுவதே இல்லையாம். கோழியின் நல்ல துண்டை லெயோன்ஸின் தட்டில் வைத்துவிட்டு, அவர் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருப்பாராம். "இப்ப மெல்லுறதப் பாத்தா ஜெயிச்ச மாதிரி இருக்கே," என்று தங்கையின் காதில் சொல்வாராம். சீஸ் வருவதற்குள், "இல்ல, தோத்தவன்தான் இப்படி மெல்லுவான்" என்பாராம். கடையில் கத்தி நழுவ ஆரம்பித்தது. வருகிறவர்கள் சாஸேஜில் என்ன இருக்கிறது என்று கேட்டால், மனம் உடைந்து, உண்மையைச் சொல்லிவிட்டார். விற்பனை படுத்துவிட்டது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு காலை, சந்தைக் கூட்டம் நிறைந்திருந்தபோது, அஷில் நேராகச் சதுக்கத்துக்கு வந்தார். வெளியூர் வரிசையைத் தாண்டி லெயோன்ஸின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"மச்சான், என்னால முடியல. யாருன்னு சொல்லிடு."

லெயோன்ஸ் எங்கோ பார்த்தார்.

"சரி, நீ சொல்ல வேணாம். நானே சொல்றேன்." அஷில் எங்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்கங்க. அன்னிக்கு ஜெயிச்சது லெயோன்ஸ்தான். அது மட்டுமில்ல, அந்த மாதிரி ஒரு குண்டை நான் என் வாழ்நாள்ல எறிஞ்சதில்ல. போதுமா? மச்சான், ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. இல்லேன்னா இல்லைன்னு சொல்லு. ரெண்டுல எதுவானாலும் நான் ஏத்துக்கறேன்."

சந்தை அடங்கிவிட்டது. கோழிக் கூண்டுகளும் அடங்கின. முப்பது வருடமாக லெயோன்ஸ் கேட்க விரும்பிய வார்த்தைகள் அவை. சொல்லவேண்டிய வாயாலேயே, ஊர் முழுவதற்கும் முன்னால் சொல்லப்பட்டுவிட்டன. இனி ஒரு சொல் மட்டும் பாக்கி. நான் மேயரைப் பார்த்தேன். மேயர் நெடுஞ்சாலை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகுக்காரன், காப்பிக் கடைக்காரி, மாட்டைப் படம் எடுக்க விட்டுப் பிழைக்கும் எமிலியான், வானத்தைப் பார்த்தபடி ஃபுல்பேர், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் சொல்ல வேண்டும் என்று நின்றோம் என எழுதினால் அது உண்மையாகாது.

"சொல்லேன்யா," என்றார் ஒனொரின். அவர் ஒருவர்தான்.

லெயோன்ஸின் உதடு அசைந்தது. அவருடைய தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அது சிரிப்பா, பிடுங்கிய பல்லின் வலியா என்று வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அவர் கை மேலே போய்த் தொப்பியைத் தொட்டது. முகம் மறுபடி மேசையைப் போல ஆகிவிட்டது.

"மச்சான்," என்றார் மெதுவாக, "அது என் அதிகார வரம்புக்குள்ள வராது. எழுத்து மூலமா குடு. மேலிடத்துக்கு அனுப்பி வைக்கிறேன்."

நாங்கள் கை தட்டினோம். வெளியூர்க்காரர்கள் ஏன் என்று தெரியாமலே அதைவிட அதிகமாகத் தட்டினார்கள்.

அஷில் தன் தொப்பியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"எத்தனை பிரதி வேணுங்க, ஐயா?" என்றார்.